மண்டபத்து வாசலில் ஒரு ஜோடிக் கை

கல்யாண மண்டபத்து வாசலில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையைக் கூப்பியபடி நிற்கிற பொம்மைப் பெண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்திருப்பீர்கள் என்பதுகூடச் சரியில்லை, கடந்து போயிருப்பீர்கள். செருப்பை எங்கே விடுவது, மொய் எழுதுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், பந்தி ஆரம்பித்துவிட்டதா என்ற கவலையில் போகிறவருக்குப் பொம்மையின் முகமே கண்ணில் படாது. கை எங்கே படப்போகிறது?

சூளகிரியிலிருந்து ஓசூருக்கு வருகிற நெடுஞ்சாலையில் கோவிந்தப்பன் கட்டிய மண்டபம் ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு பொம்மைப் பெண்கள். இடப்பக்கத்துக்காரி பன்னீர்ச் செம்பு ஏந்தியிருப்பாள். வலப்பக்கத்துக்காரி கும்பிட்டுக்கொண்டிருப்பாள். இருவருக்கும் முகம் ஒன்றுதான், பெங்களூரிலிருந்து விலைக்கு வாங்கி வந்த அச்சில் வார்த்தது, மூக்கும் முழியும் எந்த ஊருக்கும் சொந்தமில்லை. ஆனால் கும்பிடுகிறவளின் கை அப்படியில்லை. அது மாதேஸ்வரியின் கை. நிஜக் கையின்மேல் கட்டுப் போட்டு அச்செடுத்து வார்த்தது. கணுக்களில் சுருக்கம் தெரியும். இடது சுண்டுவிரல் லேசாக வெளியே வளைந்திருக்கும்.

மாதேஸ்வரி வேலை செய்வது வெங்கடப்பனின் பட்டறையில். சிப்காட்டுக்குப் பின்னால், பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை. கம்பெனி வாசலுக்கு விளக்கெரிகிற எழுத்து, ரிசார்ட்டுக்குச் செயற்கை அருவி, பள்ளிக்கூடத்துக்கு வாயைப் பிளந்த பெங்குவின் குப்பைத்தொட்டி, மாங்கனிக் கண்காட்சிக்கு ஆளுயர மாம்பழம் என்று யார் எதைக் கேட்டாலும் இரும்புக் கம்பியில் எலும்பு கட்டி, பைபரில் தோல் போர்த்தி, லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார் வெங்கடப்பன். 'முடியாது' என்கிற வார்த்தை அவர் வாயில் வராது. தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றிலுமே வராது. அதனால் படாதபாடு படுவது பட்டறையில் இருக்கிறவர்கள்தான்.

மாதேஸ்வரிக்கு அங்கே தேய்க்கிற வேலை. அச்சிலிருந்து வெளியே வரும் பொம்மை பார்க்கச் சகிக்காது. உடம்பெல்லாம் ஓட்டை, பிசிறு, இரண்டு பாதியைச் சேர்த்த இடத்தில் தழும்பு. அதையெல்லாம் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எங்கும் தட்டாத மாதிரி வழவழப்பாக்க வேண்டும். பைபர் தூசி தோலில் ஏறினால் அரிப்பு லேசில் அடங்காது. வேறு பெண்கள் வந்தார்கள், ஒரு வாரம் சொறிந்துகொண்டார்கள், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அங்கே ஏசி உண்டு, கேன்டீன் உண்டு, கூட்டிப்போக வேன் உண்டு. மாதேஸ்வரி போகவில்லை. வேனில் பக்கத்து சீட்டுக்காரி முதல் நாளே கேட்பாள், "வூட்டுக்காரரு என்னா பண்றாரு?" என்று. பொம்மைகள் கேட்பதில்லை.

கேட்டால் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. ஆனந்தராஜ் என்று ஒருவன் இருக்கிறான். நாட்றாம்பாளையத்தில் தாலி கட்டி, ஓசூரில் குடித்தனம் வைத்து, நன்றாகத்தான் இருந்தான். பிறகு அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது என்றான். பிறகு சந்தாபுரத்தில் ரூம் எடுத்திருக்கிறேன் என்றான். பிறகு வாரா வாரம் வந்தவன் மாதத்துக்கொருமுறை வந்தான். பிறகு வரவேயில்லை. அவனுக்கு அங்கே ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் இருப்பதை மாதேஸ்வரியின் அண்ணன் விசாரித்து வந்து சொன்னார். ஆள் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை போடவும் அண்ணன் தயாராக இருந்தார். இவள்தான் வேண்டாம் என்றாள். அடித்து இழுத்துவர அவன் என்ன ஓடிப்போன மாடா? மாநில எல்லையைத் தாண்டினால் டவுன் பஸ் தூரம்தான் சந்தாபுரம். துபாய்க்குப் போனவன்கூட வாரம் ஒரு போன் போடுவான்.

தாலியை அவள் கழற்றவில்லை. பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் போன பிறகு தனியாகச் சூளகிரியில் வீடு வாடகைக்குக் கேட்டபோது வீட்டுக்காரம்மா முதலில் பார்த்தது அவள் கழுத்தைத்தான். அப்புறம்தான் சாவியைக் கொடுத்தாள்.

அவன் போன மறு வருஷம் கோவிந்தப்பன் மண்டபத்து ஆர்டர் வந்தது. அப்போது பட்டறையில் பிரேம்குமார் என்று ஒரு மாடல் கலைஞன் இருந்தான். களிமண்ணில் புலி செய்தால் கிட்டப் போக யோசனையாக இருக்கும். மனிதக் கை மட்டும் அவனுக்கு வராது. கூப்பிய கை என்று ஒன்றைச் செய்து வைத்தான், இரண்டு வாழைச்சீப்பை ஒட்டவைத்த மாதிரி இருந்தது. வெங்கடப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "நெசக் கைய வெச்சே அச்சு எடுத்துட்லாம்ணா," என்றான் பிரேம்குமார். பட்டறையில் அப்போது பெண் என்று இருந்தவள் மாதேஸ்வரி ஒருத்திதான்.

கையில் எண்ணெய் தடவிக் கும்பிடச் சொன்னான். எலும்பு முறிந்தால் போடுகிற மாவுக்கட்டுத் துணியை நனைத்து நனைத்து மேலே ஒட்டினான். "இறுகற வரைக்கும் ஆடாதீங்கக்கா," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். போனவன் போனவன்தான், டீக்கடையில் யாரோடோ பேச்சில் நின்றுவிட்டான். மாவுக்கட்டு இறுகும்போது சுடும். அது தெரியாமல் மாதேஸ்வரி பயந்துபோனாள். மூக்கில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது, விரட்டக் கையில்லை. எதிரே பெங்குவின் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதைப் பார்த்துக் கும்பிட்டபடி தனியாக உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு வந்தது. சிரித்தால் கை ஆடிவிடும் என்று அடக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பை அடக்கியதில் வந்த தண்ணீர்தானா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

அந்த அச்சில் ஒரு தடவைதான் வார்க்க முடிந்தது. பைபரை வெளியே எடுக்கும்போது அச்சு நொறுங்கிவிட்டது. பிரேம்குமாரும் ஐதராபாத்தில் சினிமா செட் வேலை என்று கிளம்பிவிட்டான். ஆகவே அந்தக் கையில் உலகத்திலேயே ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது, அதுவும் கோவிந்தப்பன் மண்டபத்து வாசலில்.

வேலைக்குப் போகிற பஸ் தினமும் அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் போகும். முகூர்த்த நாளில் அங்கே நெரிசலில் பஸ் ஊர்ந்து போகும்போது வாசல் நன்றாகத் தெரியும். சில நாள் அங்கேயே இறங்கி, எதிரே இளநீர்க் கடை ஓரமாக நின்று பார்ப்பாள். ஒரு பெரியவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுப் பொம்மைக்குப் பதில் கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார். குழந்தைகள் அந்த விரல்களைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றன. யாரோ ஒரு புண்ணியவதி, தலையில் வைத்தது போக மிஞ்சிய கனகாம்பரத்தை அந்த மணிக்கட்டில் சுற்றிவிட்டுப் போனாள். மாதேஸ்வரி தன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் கிடந்துவிட்டு, திங்கட்கிழமை கண்டக்டரிடம் ஊர் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தால் குரலே வராமல் கனைத்துக்கொள்கிற ஒருத்திக்கு, தன் கையை நாலு பேர் தொடுகிறார்கள் என்பது சாதாரணமா? அவளுக்கென்று இந்த உலகத்தில் ஒரு நல்ல இடம் இருந்தது என்றால் அந்த வாசல்தான். உள்ளே மட்டும் போனதில்லை. அழைக்காத கல்யாணத்துக்குப் போக மனசு வராது. அழைக்க ஆளும் இல்லை.

அப்படியிருந்தவளுக்கு ஒரு துணை வந்தது. தளியிலிருந்து சுமலதா என்று ஒரு பெண் பட்டறையில் பெயிண்ட் வேலைக்குச் சேர்ந்தாள். சின்ன வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வாய் ஓயாது. பாதி கன்னடம், பாதி தமிழ், நடுநடுவே சிரிப்பு. மத்தியானம் மாதேஸ்வரியின் டிபன் டப்பாவை உரிமையாக இழுத்து, "இதென்னாக்கா, தெனமும் புளி சாதம்? நாக்கு செத்துப் போவாது?" என்று தன் களியில் பாதியைப் பிட்டு வைப்பாள். வூட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று அவளும் கேட்டாள்தான். மாதேஸ்வரி சொன்னாள். சுமலதா களியை உருட்டிக்கொண்டே, "ஹோகலி விடுக்கா, போய்த் தொலையட்டும்," என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் தோண்டவில்லை. அந்த ஒன்றுக்காகவே மாதேஸ்வரி அவள்மேல் உயிரை வைத்தாள்.

சுமலதாவின் தங்கைக்குக் கல்யாணம் கூடிவந்தது. மண்டபம் எது என்று கேட்காதீர்கள். பத்திரிகையை மஞ்சள் குங்குமத்தோடு நீட்டியபோது மாதேஸ்வரி தூசிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவள் பெயருக்கு ஒரு பத்திரிகை வந்து எத்தனையோ காலம் ஆயிற்று.

பெட்டியில் மடித்து வைத்திருந்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு போனாள். வாசலில் அந்தப் பொம்மை. இவ்வளவு கிட்டத்தில், அது பட்டறையை விட்டுப் போன பிறகு இப்போதுதான் பார்க்கிறாள். வரவேற்க ஓடிவந்த சுமலதாவின் காதில், வேறு யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"இது என் கை, சுமா."

சுமலதாவுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் சும்மா இருப்பாளா? "அய்யோ தேவுரே! எல்லாரும் வாங்க, இங்க நோடு, பாருங்க!" என்று கூட்டத்தையே கூட்டிவிட்டாள். மாதேஸ்வரியைப் பொம்மைக்குப் பக்கத்தில் கும்பிட்டபடி நிற்கவைத்து, கையோடு கையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சுண்டுவிரல் வளைவுகூட அப்படியே இருக்கிறதென்று பெண்கள் வியந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்கூட வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பந்தியில் அவளைத் தேடிக் கூப்பிட்டு உட்காரவைத்து, இன்னொரு ஒப்பட்டுப் போளி போட்டார்கள். மாதேஸ்வரி சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்க வீட்டுக்குப் போனாள். அத்தனை சந்தோஷத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

சுமலதா அந்தப் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தாள். 'எங்க அக்கா கை' என்று எழுதி, பக்கத்தில் நாலு சிவப்பு இதயம். வேறென்ன செய்வாள், பாசம். அந்தப் பாசம் கைக்குக் கை மாறி, மண்டபத்துச் சமையல்காரர், மேளக்காரர், பூக்காரர் எல்லோரையும் தாண்டிக் கோவிந்தப்பனின் போனுக்கும் போய்ச் சேர்ந்தது.

கோவிந்தப்பனைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அப்போது நொந்துபோயிருந்தார். மண்டபத்தில் ஒரு கல்யாணம் தாலி கட்டப்போகிற நேரத்தில் நின்றுபோயிற்று. இன்னொரு பெண், கல்யாணமான சூட்டோடு தாய்வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். கல்யாணம் நின்றால் அது மாப்பிள்ளையின் லட்சணம், மண்டபத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்க ஆளில்லை. வாஸ்துக்காரர் வந்து சமையலறைக் கதவை இடம் மாற்றினார். அப்போதுதான் இந்தப் போட்டோ வந்தது. யார் இந்தப் பெண் என்று விசாரித்தார். வாழாவெட்டி என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

மறுநாளே பட்டறைக்கு வந்துவிட்டார். வாங்கி வந்த மைசூர்பாகுப் பெட்டியை வெங்கடப்பனின் மேஜையில் வைத்துவிட்டு, மாதேஸ்வரியைக் கூப்பிடச் சொன்னார். வெள்ளைத் தூசி படிந்த முகத்தோடு வந்து நின்றாள்.

"எனக்கு ஒன்னும் இல்லம்மா. நான் அதெல்லாம் பாக்கற ஆளு கெடையாது," என்றார். அதெல்லாம் பார்க்கிறவர்கள் எல்லோரும் பேச்சை இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "ஆனா மண்டபம் புடிக்க வர்றவங்க கேக்கறாங்க. நல்ல காரியத்துக்கு வாசல்ல நிக்கற கை. அதான் உங்க வாயாலயே கேட்டுக்கலாம்னு வந்தேன். வூட்டுக்காரரு இருக்காருதானே?"

மாதேஸ்வரி வாயைத் திறக்குமுன் வெங்கடப்பன் புகுந்தார். "இருக்காருங்க! பெங்களூர் பக்கம் வேல. கழுத்துல பாருங்க, தாலி இல்ல?"

கோவிந்தப்பனின் முகம் தெளிந்தது. "அப்ப ஒன்னு பண்ணலாம். வெள்ளிக்கெழம ரெண்டு பேரும் ஜோடியா வாங்க. பொம்மைக்கு முன்னால ஒரு சின்ன பூஜ, பூசணிக்கா ஒடச்சு, ஒரு போட்டோ. அத நானே ஸ்டேட்டஸ்ல போட்டுட்டா பேசற வாயெல்லாம் மூடிக்கும். இல்லன்னா மனசில்லாமதான் கைய மாத்தணும்."

அவர் போன பிறகு வெங்கடப்பன், "ஒரு நாளு கூத்து, மாதேஸு. போன் போட்டுக் கூப்புடு. வந்துட்டுப் போவட்டும்," என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

மாதேஸ்வரிக்கு அன்று வேலை ஓடவில்லை. தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் போன் போடுவதைவிட பைபர் தூசியைத் தின்னலாம். ஆனால் போடாவிட்டால் கை போய்விடும். அந்த வாசலில் வேறு யாரோ கும்பிட்டுக்கொண்டிருப்பாள், பஸ் ஜன்னலில் பார்க்க ஒன்றும் இருக்காது. சுயமரியாதை பெரிதுதான். தினமும் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தால் இருட்டு மட்டுமே இருக்கிறவளிடம் அதை உபதேசிக்க நான் தயாரில்லை.

அண்ணனிடம் நம்பர் வாங்கி, கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அடித்தாள். அவன்தான் எடுத்தான். பெயரைச் சொன்னதும் ஆளைத் தெரிந்துகொண்டான். கோபப்படவில்லை, சங்கடப்பட்டான். அவள் கதையைச் சொல்லி முடித்ததும், ஏதோ செய்த தப்புக்கு இத்தோடு கணக்குத் தீர்ந்துவிடும் என்கிற சந்தோஷத்தில், "வர்றேன் மாதேஸு, இதுக்கென்னா," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "போட்டோல மட்டும் மூஞ்சி தெரியாம பாத்துக்கம்மா. இங்க ஸ்டேட்டஸ் எல்லாம் பாப்பாங்க," என்றான்.

சரி என்றாள். அதற்கும் சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை மண்டப வாசலைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். இரண்டு பொம்மைகளையும் துடைத்துச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். ஐயர் வந்திருந்தார், கோவிந்தப்பனும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள், வெங்கடப்பனும் சுமலதாவும் வந்திருந்தார்கள். பச்சைப் பட்டோடு மாதேஸ்வரி ஓரமாக நின்றாள். பைக்கில் வந்து இறங்கினான் ஆனந்தராஜ். தொப்பை விழுந்திருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியவன் முகத்தில் மாட்டியிருந்த மாஸ்க்கைக் கழற்றவில்லை.

கோவிந்தப்பன் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவனுக்குத்தான் முதலில் சால்வை போட்டார். "வாங்க தம்பி, வாங்க! உங்க வூட்டம்மா கை நம்ம மண்டபத்துக்கே லட்சுமி. எல்லாம் நீங்க செஞ்ச புண்ணியம்," என்றார். மாதேஸ்வரியின் பக்கம் யாரும் திரும்பவில்லை. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். எதையும் பொறுத்துக்கொள்கிற முடிவோடுதான் வந்திருந்தாள்.

ஆனந்தராஜ் படியேறி வந்தான். சால்வை போட்டவருக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கும். பொம்மைக்கு முன்னால் போய் நின்றான், குனிந்து அதன் கையை உற்றுப் பார்த்தான், தலையை ஆட்டினான்.

"அச்சு அசலா இவ கையேதாங்க! எங்க இருந்தாலும் நான் கண்டுபுடிச்சுடுவேன்."

பன்னீர்ச் செம்பு ஏந்தியிருந்தவளின் கையைப் பார்த்துச் சொன்னான்.

முதலில் சிரித்தது ஐயர். "அது இல்லீங்க தம்பி, இந்தப் பக்கம்," என்று கோவிந்தப்பன் அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பினார். அவர் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனந்தராஜும் மாஸ்க்குக்குள் அசடு வழியச் சிரித்தான். சுமலதா மட்டும் மாதேஸ்வரியைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாதேஸ்வரி அந்தக் கையால்தான் அவனுக்குச் சோறு போட்டிருந்தாள். டைபாய்டு வந்து கிடந்தபோது அவனுக்கு உடம்பு துடைத்துவிட்டிருந்தாள். வளைந்த சுண்டுவிரலைப் பிடித்து இழுத்து விளையாடியவன் அவன். விட்டுவிட்டுப் போனவன்தான், ஆனாலும் எங்கோ ஓரிடத்தில் இந்தக் கை அவனுக்கு ஞாபகம் இருக்கும் என்று அவள் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்படி நம்பியதே இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ரெண்டு பேரும் தட்டப் புடிச்சுக்கோங்கோ," என்று ஐயர் கற்பூரத் தட்டை நீட்டினார். ஆனந்தராஜ் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மாதேஸ்வரி கையை நீட்டவில்லை.

"வேணாங்க," என்றாள். கனைத்துக்கொள்ளாமலே குரல் வந்தது. "இவரு என் வூட்டுக்காரரு இல்லீங்க."

கோவிந்தப்பன் புரியாமல் வெங்கடப்பனைப் பார்த்தார். வெங்கடப்பன் தரையைப் பார்த்தார்.

"எனக்கு வூட்டுக்காரரு யாரும் இல்லீங்க. கைய மாத்திக்கோங்க. நானே அறுத்துக் குடுக்கறேன்."

ஆனந்தராஜ் சால்வையை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்துப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனான். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. கோவிந்தப்பன் குனிந்து அந்தச் சால்வையை எடுத்துத் தட்டினார். "நான் உன்ன நோவடிக்கணும்னு வர்லம்மா," என்றார். அது உண்மைதான். அதனால் என்ன பிரயோஜனம்?

பொம்மையை மினி லாரியில் பட்டறைக்கு ஏற்றி வந்தார்கள். புதுக் கைக்குக் குழந்தை குட்டியோடு, புருஷனோடு வாழ்கிற பெண்ணாகப் பார்த்து அச்செடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார் கோவிந்தப்பன். வெங்கடப்பன் மாதேஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் சொல்றதக் கேளு. பத்து நாளு இங்கயே நிறுத்தி வெச்சு, வேற கலர் பெயிண்ட் அடிச்சு, அதே கையோட அனுப்பிட்லாம். அந்தாளுக்கு என்னா தெரியப்போவுது?"

"வேணாம்ணா," என்றாள். "அப்புறம் அத நான் யார்கிட்டயும் என் கைன்னு சொல்ல முடியாது. சொல்ல முடியாத கை எனக்கு எதுக்கு?"

வெங்கடப்பன் கட்டிங் மெஷினின் பிளக்கைச் செருகிவிட்டு வெளியே போனார்.

கட்டிங் மெஷினை அவளே எடுத்தாள். மணிக்கட்டில் பென்சிலால் கோடு போட்டாள். பிளேடு பட்டதும் வெள்ளைப் புகையாகத் தூசி கிளம்பியது. முதலில் பெயிண்ட், பிறகு அவளே வைத்துத் தேய்த்த பட்டி, பிறகு பைபர். கும்பிட்ட கை கும்பிட்டபடியே தரையில் விழுந்து உருண்டது. உள்ளே வெறும் கூடு. பைபரைப் பழைய இரும்புக்காரன்கூட வாங்க மாட்டான். பிசிறுகளை அள்ளுகிற சாக்கில் அதையும் போட்டு வாயைக் கட்டினாள். அழவில்லை. அவளுக்கு வலித்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பட்டறையில் இருந்த இன்னொரு பெண் சுமலதா. அவள் மாட்டேன் என்று அழுதாள். வேலையை விட்டே போகிறேன் என்றாள். "வேற எவளோ வந்து கைய வைக்கறதுக்கு நீயே வைய்யி," என்று மாதேஸ்வரிதான் அவளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். கையில் எண்ணெய் தடவினாள். சின்னக் கை, குண்டு விரல்கள், நகத்தில் நேற்றைய பெயிண்ட். கும்பிடவைத்து, மாவுக்கட்டுத் துணியை நனைத்து, விரல் விரலாக ஒட்டிக்கொண்டே வந்தாள். "சுடும், பயப்படாத," என்று முன்கூட்டியே சொன்னாள்.

சுமலதாவால் அழுகையை நிறுத்த முடியவில்லை. "நான் அந்த போட்டோவப் போடாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள், தோள் குலுங்கியது, கட்டு குலுங்கியது.

"ஆடாத சுமா. வெரலு பெசகிடும்."

நிற்கவில்லை. மாதேஸ்வரி எதிரே இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஈரக் கட்டின்மேல் தன் இரண்டு கையையும் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்கியது. கட்டு சுட ஆரம்பித்தது. சுமலதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எதிரே இருந்தவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூடு ஏறி, நின்று, ஆறியது. மாவு கல்லாக இறுகிவிட்டது. வெளியே சுமலதாவின் வீட்டுக்காரன் பைக்கில் வந்து ஹாரன் அடித்தான்.

"அக்கா, இறுகிடுச்சுக்கா. எடுத்துட்லாம்."

"தெரியும்," என்றாள் மாதேஸ்வரி. "இன்னும் கொஞ்ச நேரம் இப்பிடியே இரு."